இருதயத்தில் நம்பு, வாயைத் திறக்காதே

பவுல் எழுதிய கடிதங்களில் இரண்டு இடங்களை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 10ஆம் அதிகாரத்தில், இருதயத்தில் நம்பினால் மட்டும் போதாது, வாயாலும் அறிக்கையிட வேண்டும் என்கிறார். மீட்புக்கு இரண்டும் தேவை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்திலோ, சபையில் பெண்கள் பேசக் கூடாது, ஏதாவது தெரிந்துகொள்ள விரும்பினால் வீட்டில் கணவனிடம் கேட்டுக்கொள்ளட்டும் என்று வருகிறது. முதல் இடம் எல்லோரையும் வாய் திறக்கச் சொல்கிறது. இரண்டாம் இடம் பாதிப் பேரின் வாயை மூடச் சொல்கிறது. கிறிஸ்தவப் பெண்களின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில்தான் நடந்திருக்கிறது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதில் இன்னொரு சுவாரசியமும் உண்டு. விசுவாசப் பிரமாணத்தில் வரும் ‘விசுவாசிக்கிறேன்’ என்ற சொல் தன்மை ஒருமை வினைமுற்று. தன்மை வினைமுற்று பால் காட்டாது. படர்க்கையில் விசுவாசிக்கிறான், விசுவாசிக்கிறாள் என்று பிரியும்; ‘விசுவாசிக்கிறேன்’ என்னும்போது பிரியாது. ஒரு பெண் தன் நம்பிக்கையைத் தானே சொல்லும்போது அவளுக்கும் ஆணுக்கும் மொழியில் வேறுபாடே இல்லை. மற்றவர்கள் அவளைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் வேறுபாடு வந்துவிடுகிறது. இந்தக் கட்டுரை, தன்மையில் பேசத் துணிந்த சில பெண்களைப் பற்றியது. படர்க்கையில் மட்டுமே நமக்குக் கிடைத்த சிலரைப் பற்றியதும்கூட.

பவுலின் அந்த இரண்டாம் இடத்தை வேதாகம ஆய்வாளர்கள் நெடுங்காலமாக விவாதித்து வருகிறார்கள். சில பழைய கையெழுத்துப் படிகளில் அந்த வசனங்கள் அதிகாரத்தின் இறுதியில் இடம்மாறிக் கிடக்கின்றன. பின்னால் யாரோ சேர்த்தவை என்று கருதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், பெண்கள் ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று பவுல் எழுதுகிறார். பேசாதவளுக்கு இந்த விதி எதற்கு? உரோமருக்கு எழுதிய நிருபத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் வாயால் அறிக்கையிடு என்ற கட்டளையே ஒரு பெண்ணின் கையில்தான் உரோமுக்குப் போயிருக்கிறது.

சுவிசேஷங்களும் இதைத்தான் காட்டுகின்றன. கல்லறை வெறுமையாக இருந்ததை முதலில் கண்டு வந்து சொன்னவர்கள் பெண்கள். யோவான் சுவிசேஷத்தில், போய்ச் சொல் என்று இயேசு மகதலேனா மரியாளை அனுப்புகிறார். லூக்கா சுவிசேஷத்தில், பெண்கள் வந்து சொன்னதை அப்போஸ்தலர்கள் வீண்பேச்சு என்று எடுத்துக்கொண்டார்கள். உயிர்த்தெழுதலைப் பற்றிய முதல் அறிக்கை ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்தது. அதற்குக் கிடைத்த முதல் பதிலும் நமக்குப் பழக்கமானதுதான்.

உரோமப் பேரரசில் நம்பிக்கையை வாயால் சொல்வது நீதிமன்ற விவகாரம். கி.பி. 112 வாக்கில் பித்தினியா பகுதியின் ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. நீ கிறிஸ்தவனா என்று மூன்று முறை கேட்பேன், தண்டனையைச் சொல்லி மிரட்டுவேன், அப்படியும் ஒப்புக்கொண்டால் கொல்ல அனுப்புவேன் என்று தன் நடைமுறையை அதில் விவரிக்கிறார். மேலும் உண்மை அறிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும் எழுதுகிறார். அந்தப் பெண்களைச் சபையார் ஊழியக்காரிகள் என்று அழைத்தார்களாம். அவர்களிடம் அளவுமீறிய மூடநம்பிக்கையைத் தவிர வேறெதையும் காணவில்லை என்று முடித்துக்கொள்கிறார். அந்த இருவரும் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். உடல் முறியும் வலியில் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பெயரும் சொல்லும் கடிதத்தில் இல்லை. கேட்டவரின் தீர்ப்பு மட்டும் இருக்கிறது. புறச்சான்றுகளில் கிறிஸ்தவப் பெண்கள் தென்படும் மிகப் பழைய இடங்களில் இது ஒன்று.

இதற்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் ஒரு பெண் தானே எழுதினார். பெயர் விபியா பெர்பெத்துவா. வயது 22. நல்ல குடும்பம், படித்தவர், கையில் பால்குடிக்கும் குழந்தை. கி.பி. 203 மார்ச் 7 அன்று விளையாட்டரங்கில் விலங்குகளுக்கு முன் விடப்பட்டு, பின் வாளால் கொல்லப்பட்டார். அதற்கு முன் சிறையில் அவர் எழுதிய குறிப்பு லத்தீன் மொழியில் உள்ள ஒரு நூலுக்குள் அப்படியே வைக்கப்பட்டிருக்கிறது. கிறிஸ்தவப் பெண் ஒருவர் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று அது.

அதில் தந்தையோடு நடந்த உரையாடல் முக்கியமானது. மறுத்துவிடு என்று தந்தை கெஞ்சுகிறார். பெர்பெத்துவா அங்கே கிடந்த ஒரு பாத்திரத்தைக் காட்டி, இதை வேறு பெயரால் அழைக்க முடியுமா என்று கேட்கிறார். முடியாது என்கிறார் தந்தை. அப்படியென்றால் நானும் என்னை வேறு பெயரால் சொல்ல முடியாது, கிறிஸ்தவள் என்றுதான் சொல்ல முடியும் என்கிறார் மகள். பிறகு ஆளுநர் ஹிலரியானுஸ் முன்னால் விசாரணை. பேரரசரின் நலனுக்காகப் பலியிடு, உன் தந்தையின் நரைத்த தலையை எண்ணிப் பார், குழந்தையை எண்ணிப் பார் என்கிறார். பெர்பெத்துவா மறுக்கிறார். நீ கிறிஸ்தவளா என்ற கேள்விக்கு ஆம் என்கிறார். குறுக்கே வந்த தந்தையை ஆளுநர் தடியால் அடிக்க வைக்கிறார். அந்த அடி தன்மேலேயே விழுந்ததுபோல் வலித்தது என்று மகள் எழுதுகிறார். தந்தையை வெறுத்து அவர் விலகவில்லை. அவருக்காக வருந்திக்கொண்டே, அவர் சொல்லிக்கொடுத்த சொல்லைச் சொல்ல மறுத்தார்.

அதே வழக்கில் பெலிசித்தா என்ற அடிமைப் பெண்ணும் இருந்தார். எட்டு மாதக் கர்ப்பிணியாகச் சிறைக்குள் பெண் குழந்தையைப் பெற்று, இன்னொரு பெண்ணிடம் வளர்க்கக் கொடுத்துவிட்டு அரங்குக்குப் போனார். அவர் சொன்ன ஒன்றிரண்டு வார்த்தைகளை நூலைத் தொகுத்தவர் எழுதி வைத்ததால்தான் அறிகிறோம். ஒரே சிறை, ஒரே நம்பிக்கை, ஒரே நாளில் மரணம். எழுதக் கற்றவளுக்குத் தன்மை கிடைத்தது, அடிமைக்குப் படர்க்கை. அந்தக் காலத்தில் அந்த ஊரில் வாழ்ந்த பெரிய இறையியலாளர் தெர்த்துல்லியன். சபையில் பேசவோ கற்பிக்கவோ ஞானஸ்நானம் கொடுக்கவோ பெண்ணுக்கு அனுமதி இல்லை என்று எழுதியவர் அவர். ஆளுநர் முன்னால் பெண் பேசலாம், அதற்காகச் சாகலாம். சபையின் முன்னால் பேசக் கூடாது.

கிரேக்கத்தில் சாட்சி என்று பொருள்படும் சொல்லே பின்னால் மதத்துக்காக உயிர்விட்டவர்களைக் குறிக்கும் சொல்லாயிற்று. தமிழில் இரத்தசாட்சி என்கிறோம். பெண்ணின் சாட்சியைத் திருச்சபை தயக்கமில்லாமல் ஏற்றுக்கொண்ட வடிவம் நெடுங்காலம் அதுவாகவே இருந்தது. இறந்த பிறகு அவளுக்கு விழா எடுக்கலாம். உயிரோடு எழுந்து நின்று பேசினால்தான் சங்கடம். அறிக்கை என்ற சொல்லுக்கும் இப்படி இரண்டு முகம் உண்டு. பாவ அறிக்கை, விசுவாச அறிக்கை இரண்டுக்கும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம், லத்தீனிலும் அப்படித்தான். பாவத்தை அறிக்கையிடப் பெண்ணை எப்போதும் அழைத்தார்கள். தாழ்ந்த குரலில், ஓர் ஆணின் காதில் அது முடிந்துவிடும். விசுவாசத்தை எல்லோர் காதிலும் விழச் சொல்வதற்குத்தான் இத்தனை கட்டுப்பாடு.

இந்தக் கட்டுப்பாட்டை ஒரு நாடு சட்டமாகவே எழுதி வைத்தது. எட்டாம் ஹென்றியின் இங்கிலாந்தில் 1543இல் வந்த சட்டம், ஆங்கில வேதாகமத்தை யார் படிக்கலாம், எப்படிப் படிக்கலாம் என்று வகுத்தது. பிரபுக்கள் தம் குடும்பத்தாருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டலாம். உயர்குடிப் பெண்கள் தமக்குத் தாமே தனியாகப் படிக்கலாம். மற்றவர்களுக்குப் படித்துக் காட்டக் கூடாது. சாதாரணப் பெண்களும் கூலிக்காரர்களும் வேலைக்காரர்களும் படிக்கவே கூடாது. நம்பிக்கை என்பது மனத்துக்குள் ஓடுவதா, குரலாக வெளியே வருவதா என்ற கேள்விக்கு வர்க்கத்தையும் பாலையும் கணக்கிட்டுப் பதில் எழுதிய சட்டம் இது. ஹென்றி இறந்தபின் 1547இல் நீக்கப்பட்டது.

அது நடைமுறையில் இருந்தபோதுதான் ஆன் அஸ்கியூ பேசினார். லிங்கன்ஷயரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். கணவன் வீட்டை விட்டுத் துரத்தியபின் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டார். லிங்கன் பேராலயத்துக்குப் போய் ஆறு நாள் அங்கே வேதாகமத்தைப் படித்துக்கொண்டிருந்தார். குருமார் வந்து வந்து பார்த்துப் போனார்களாம். 1545இல் லண்டனில் முதல் விசாரணை. பேராயரின் அதிகாரி ஒருவர், வேதத்தைப் பற்றிப் பெண்கள் பேசுவதைப் பவுல் தடுத்திருக்கிறார் என்று கண்டித்தார். பவுல் சொன்னதன் பொருள் உங்களைப் போலவே எனக்கும் தெரியும், சபையில் போதிக்கும் முறையில் பேசக் கூடாது என்பதுதான் அது என்றார் அஸ்கியூ. எத்தனை பெண்கள் பிரசங்க மேடையில் ஏறிப் பேசி நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். யாரையும் பார்த்ததில்லை என்றார் அதிகாரி. பிறகு ஏன் அப்பாவிப் பெண்கள்மேல் குற்றம் காண்கிறீர்கள் என்றார் அஸ்கியூ.

அந்தப் பதிலில் சமயோசிதம் இருக்கிறது, கசப்பும் இருக்கிறது. மேடை ஏற விடாதவர்களிடம், மேடை ஏறாததையே தன் சார்பில் சாட்சியாக வைக்க வேண்டியிருந்தது.

1546இல் மறுபடி கைது. அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுவதில்லை என்று சொன்னதால் மரண தண்டனை. அதன் பிறகும் லண்டன் கோபுரச் சிறையில் அவரை இழுவைப் பொறியில் கட்டிச் சித்திரவதை செய்தார்கள். நாட்டின் சான்சலர் ரியத்ஸ்லியும் ரிச்சர்ட் ரிச்சும் தம் கையாலேயே பொறியைச் சுழற்றினார்கள் என்று அஸ்கியூ எழுதியிருக்கிறார். அரசவையோடு தொடர்புள்ள எந்தெந்தப் பெண்கள் உன் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்பதே கேள்வி. அவர் ஒரு பெயரையும் சொல்லவில்லை. 1546 ஜூலை 16 அன்று நடக்க முடியாத நிலையில் நாற்காலியில் வைத்து ஸ்மித்ஃபீல்டுக்குத் தூக்கிப்போய் எரித்தார்கள். வயது 25.

பேசு என்றபோது மௌனமும், பேசாதே என்றபோது பேச்சும் அவருடைய தேர்வாக இருந்தன. தன் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டபோது சொன்னார். மற்றப் பெண்களைக் காட்டிக்கொடுக்கச் சொன்னபோது வாய் திறக்கவில்லை. பெண்ணின் மௌனத்தைக் கற்பு, அடக்கம் என்று புகழ்கிறவர்கள் இந்த மௌனத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. தன் விசாரணைகளை அவரே எழுதினார். ஜான் பேல் என்ற சீர்திருத்தவாதி 1546லும் 1547லும் அவற்றை அச்சிட்டார். அச்சிடும்போது அஸ்கியூவின் பத்திகளுக்கு நடுநடுவே தன் விளக்கங்களை நீளநீளமாகச் செருகினார். எதிரிகள் வாயை மூடினார்கள். நண்பர் இடைமறித்துக்கொண்டே இருந்தார். நல்லவேளையாக இரண்டையும் பிரித்துப் படிக்க முடிகிறது.

அஸ்கியூ எதிர்கொண்ட கேள்விக்கு அதே நாட்டில் 120 ஆண்டுகள் கழித்து ஒரு பெண் நேரடியாக விடை எழுதினார். குவேக்கர் இயக்கத்தைச் சேர்ந்த மார்கரெட் ஃபெல், ராஜவிசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததற்காக 1664இல் சொத்துப் பறிமுதலும் ஆயுள் சிறையும் விதிக்கப்பட்டு லங்காஸ்டர் கோட்டையில் அடைபட்டிருந்தார். 1668இல்தான் வெளியே வந்தார். சிறையிலிருந்த காலத்தில், 1666இல், பெண்கள் பேசுவது நியாயமே என்று வாதிடும் அவரது சிறு நூல் வெளிவந்தது. பெண்கள் கொண்டுவந்த செய்தியை நம்பியிராவிட்டால் உலகத்துக்கு உயிர்த்தெழுதல் எப்படித் தெரிந்திருக்கும் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. அஸ்கியூ மேடை ஏறாததைச் சொல்லித் தற்காத்துக்கொண்டார். ஃபெல் மேடையே எங்களிடமிருந்துதான் தொடங்கியது என்றார்.

இவர்கள் எல்லாம் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் என்று ஒதுக்கிவிட முடியாதபடி, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அதே வாதத்தை ஒரு கறுப்பினப் பெண் கையில் எடுத்தார். ஜரீனா லீ 1783இல் நியூ ஜெர்சியில் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாக இருக்கவில்லை; ஆனால் ஏழு வயதிலேயே வீட்டைவிட்டு வெகுதூரம் வேலைக்காரியாகப் போக வேண்டியிருந்தது. பிலடெல்பியாவில் ரிச்சர்ட் ஆலன் நடத்திய கறுப்பின மெதடிஸ்ட் சபையில் சேர்ந்தார். வெள்ளையர் ஆலயத்தில் பட்ட அவமானத்தால் வெளியேறித் தனிச் சபை கண்டவர் ஆலன். 1811 வாக்கில் லீ அவரிடம் போய், பிரசங்கிக்கும்படி கடவுள் என்னை அழைக்கிறார் என்றார். ஜெபக்கூட்டம் நடத்தலாம், பிரசங்கம் செய்யச் சபை ஒழுங்கில் இடமில்லை என்றார் ஆலன். ஒடுக்கப்பட்டவர்கள் கட்டிய வீட்டிலும் பெண்ணுக்கு அதே பழைய சட்டம்.

லீ திருமணம் செய்தார், குழந்தைகள் பெற்றார், விதவையானார். இரண்டு சிறு குழந்தைகளோடு மறுபடி பிலடெல்பியா வந்தார். 1819இல் ஒரு நாள் ஆராதனையில் யோனாவைப் பற்றிப் பேசத் தொடங்கிய போதகர் நடுவில் தடுமாறி நின்றுவிட்டார். லீ இருந்த இடத்திலேயே எழுந்து அதே வசனத்தின்மேல் பேசினார். நானும் யோனாவைப் போல, போகச் சொன்ன இடத்துக்குப் போகாமல் காலம் கடத்தியவள் என்றார். உட்கார்ந்தபின், சபையைவிட்டு நீக்கிவிடுவார்களோ என்று பயந்தார். அப்போது பேராயராகியிருந்த ஆலன் எழுந்து, எட்டு ஆண்டுகளுக்கு முன் இவர் என்னிடம் வந்து கேட்டார், இவருக்கு அழைப்பு உண்டு என்று இப்போது நம்புகிறேன் என்றார்.

அதன் பிறகு லீ நடந்தும் வண்டியிலும் படகிலும் ஊர் ஊராகப் போனார். அடிமைமுறை இருந்த மேரிலாந்துக்கும் போனார். ஒரே ஆண்டில் 2,325 மைல் பயணம் செய்து 178 பிரசங்கங்கள் செய்ததாகக் கணக்கு எழுதியிருக்கிறார். 1836இல் தன் வரலாற்றை 38 டாலர் கொடுத்து 1,000 படிகள் அச்சிட்டு, கூட்டங்களில் தானே விற்றார். மீட்பர் ஆணுக்காக மட்டுமல்ல, பெண்ணுக்காகவும் இறந்தார். அப்படியிருக்க ஆண் மட்டும் பிரசங்கிக்கலாம் என்றால் அவர் அரை மீட்பர்தானா என்று அந்த நூலில் கேட்கிறார். அச்சுக்கூலியையும் மைல் கணக்கையும் அவர் எழுதி வைத்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். குரல் என்பது ஆவியின் ஏவுதல் மட்டுமல்ல. அதற்குக் கால்வலியும் காசும் ஆகும் என்பதை அவர் மறைக்கவில்லை.

லீ ஆணிடம் அனுமதி கேட்டார். கேட்காமலேயே பேசிப் பழகிய ஒரு பெண் கிறிஸ்தவத்துக்குள் வந்தபோது என்ன ஆயிற்று என்பதற்கு இந்தியாவில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பண்டித ரமாபாய் 1858இல் பிறந்தார். பெண்ணுக்குச் சமஸ்கிருதம் கற்பித்ததற்காக ஊராரின் பகையைச் சம்பாதித்தவர் தந்தை. ஊர் ஊராகப் போய்ப் புராணம் வாசிப்பதே அந்தக் குடும்பத்தின் பிழைப்பு. 1870களில் சென்னை மாகாணத்தைத் தாக்கிய பஞ்சத்தில் பெற்றோரை இழந்தார். 1878இல் கல்கத்தாவில் அறிஞர்கள் அவரது புலமையைச் சோதித்துப் பண்டிதா, சரஸ்வதி என்று பட்டம் கொடுத்தார்கள். ஆண்களும் பெண்களும் நிறைந்த கூட்டங்களில் பேசுவது அவருக்குச் சாதாரணம். 1883 செப்டம்பர் 29 அன்று இங்கிலாந்தில் வான்டேஜ் என்ற ஊரில் ஞானஸ்நானம் பெற்றார்.

வாயால் அறிக்கையிட்டாயிற்று. அடுத்து வந்த சிக்கல், யாருடைய வார்த்தையில் என்பது. மூவொரு கடவுள் கோட்பாடு போன்றவற்றில் அவருக்குக் கேள்விகள் இருந்தன. அவரை வழிநடத்திய ஆங்கிலக் கன்னியருக்கு அவை ஆணவமாகப் பட்டன. சிலுவையில் எதற்கு லத்தீன் எழுத்து, சமஸ்கிருதத்தைவிட அது புனிதமானதா என்று கேட்டார். இந்தியப் புரோகிதர்களின் நுகத்தை இப்போதுதான் கழற்றினேன், அதுபோல் இன்னொன்றைச் சுமக்க விருப்பமில்லை என்று கடிதம் எழுதினார். செல்ட்டனம் கல்லூரியில் இருந்தபோது ஆண் மாணவர்களுக்கு அவர் கற்பிக்கலாமா என்ற பேச்சு வந்தது. இந்தியாவிலிருந்த ஆங்கிலப் பேராயர்கள் எதிர்த்தார்கள். அப்படிச் செய்தால் இந்தியரிடையே அவருக்கு மரியாதை போய்விடும் என்றார்கள். இந்தியரிடையே ஆண்கள் முன்னால் பேசியே மரியாதை பெற்றவர் அவர். பெண்களை விடுவிக்க வந்ததாகச் சொன்ன திருச்சபை, ரமாபாய் பிறந்த வீட்டில் அனுபவித்த சுதந்திரத்தைக்கூட அவருக்குத் தரத் தயங்கியது.

ரமாபாய் மதத்தை விட்டு வெளியேறவும் இல்லை, கேள்வியை விடவும் இல்லை. கேட்காவ் என்ற ஊரில் முக்தி இல்லத்தைக் கட்டி, பஞ்சத்தில் தப்பிய பெண்களையும் விதவைகளையும் சேர்த்தார். தன் நம்பிக்கைப் பயணத்தைச் சாட்சி என்ற தலைப்பிலேயே 1907இல் எழுதினார். எபிரேயமும் கிரேக்கமும் கற்று வேதாகமத்தை எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். அவர் 1922இல் இறந்தபின் 1924இல் அது முழுமையாக வெளிவந்தது. எழுத்துக் கோத்து அச்சிட்டவர்கள் இல்லத்துப் பெண்கள். தனியாகப் படி, வாய்விட்டுப் படிக்காதே என்று சொன்ன 1543ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இதைவிடச் சரியான பதில் இல்லை.

தமிழ்நாட்டுக்கு வந்தால், நம் முதல் பெயர் குளோரிந்தா. தஞ்சையிலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவை. ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தார். அவர்கள் மணம் செய்துகொள்ளாததால் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அதிகாரி இறந்தபின் 1778இல் கொடுத்தார். நெறி தவறியதாகச் சொல்லித் தாமதப்படுத்தியது பெண்ணைத்தான். 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள். முதல் பெயர் குளோரிந்தா. 1785இல் அர்ப்பணிக்கப்பட்ட ஆலயத்தைக் கட்ட முன்னின்றவரும் அவரே. மக்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே சொன்னார்கள். அவரைப் பற்றி நமக்குத் தெரிவது பெரும்பாலும் மிஷனரிகளின் குறிப்புகள் வழியாக. 1915இல் அ. மாதவையா அவரை நாயகியாக்கி ஆங்கிலத்தில் நாவல் எழுதினார். கடிதத்திலும் நாவலிலும் அவர் படர்க்கைதான். அவருடைய தன்மை என்று சொல்ல அந்தக் கட்டடமும் பதிவேட்டின் முதல் வரியும் இருக்கின்றன.

19ஆம் நூற்றாண்டில் வேதாகமப் பெண்கள் வந்தார்கள். பையில் புத்தகத்தோடு வீடு வீடாகப் போய், வெளியே வராத பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்தார்கள். அடுப்படியிலும் திண்ணையிலும் பேசினார்கள். பெண்கள் பெண்களிடம் பேசலாம் என்பது ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்க மேடை ஆண்களுக்கு. தென்னிந்தியத் திருச்சபை 1976இல் முதல் பெண் குருவை அபிஷேகம் செய்தது. அதன் முதல் பெண் பேராயர் வந்தது 2013இல், ஆந்திரத்தின் நந்தியால் மறைமாவட்டத்தில். கத்தோலிக்கத் திருச்சபையில் குருத்துவம் இன்றும் ஆண்களுக்கு மட்டும். வாசகர் என்ற பணியில் பெண்களை முறைப்படி அமர்த்தச் சட்டம் இடம் கொடுத்தது 2021 ஜனவரியில். அதற்கு முன்பே பல்லாண்டுகளாக ஆலயங்களில் பெண்கள் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சட்டத்துக்கு அது கேட்க இவ்வளவு காலம் ஆயிற்று.

பிளினியின் கேள்வி முடிந்துபோன கதை என்றும் நினைத்துவிட வேண்டாம். நம் அரசமைப்பின் 25ஆவது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தோடு, மதத்தை வெளிப்படையாகச் சொல்லவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் பட்டியல் சாதிகளுக்கான 1950ஆம் ஆண்டு ஆணை, பின்னர் வந்த 1956, 1990 திருத்தங்களோடு சேர்ந்து, இந்து, சீக்கிய, பௌத்த மதங்கள் அல்லாத வேறொன்றைத் தன் மதமாகச் சொல்கிறவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்கிறது. அந்த ஆணையில் ‘சொல்கிறவர்’ என்பதற்கு என்ன பொருள் என்று 1964இல் உச்ச நீதிமன்றமே விளக்கியது. மற்றவர் அறியும்படி வெளிப்படையாக அறிவிப்பது என்று. அதாவது ஒரு தலித் பெண் இருதயத்தில் எதை நம்பினாலும் சட்டத்துக்குக் கவலையில்லை. வாயால் சொன்னால் சான்றிதழ் போய்விடும். சேரி மாறாது, தெருவில் விழும் வசை மாறாது, சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துச் சுவர்கூட மாறாது. தமிழ்நாட்டில் அவளைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று 2023 ஏப்ரலில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. பல குடும்பங்களில் பெண்ணுக்கு இன்னும் இரண்டு பெயர். சான்றிதழில் ஒன்று, கோயிலில் ஒன்று.

2002இல் தமிழ்நாட்டில் கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். மதம் மாற்றியதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை. மாறியவர் சிறுவராகவோ பெண்ணாகவோ பட்டியல் சாதி, பழங்குடியினராகவோ இருந்தால் நான்கு ஆண்டுவரை. 2004இல் அது நீக்கப்பட்டது. வேறு மாநிலங்களில் இதே பிரிவுகள் உயிரோடு இருக்கின்றன. வளர்ந்த பெண்ணையும் சிறுவரையும் ஒரே வரியில் வைக்கிற சட்டம், அவள் சொல்கிற ‘விசுவாசிக்கிறேன்’ அவளுடைய சொல்லாக இருக்காது என்று முன்கூட்டியே முடிவு செய்கிறது. பெண்கள் சொன்னதை வீண்பேச்சு என்று எடுத்துக்கொண்ட அப்போஸ்தலர்களுக்கும் இந்தச் சட்டத்துக்கும் இந்த ஒரு விஷயத்தில் கருத்து ஒன்றுதான்.

தமிழில் தன்மையில் பேசிய குரல் என்று இங்கே 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ நூலைச் சொல்ல வேண்டும். தலித் கிறிஸ்தவப் பெண்ணாகப் பிறந்து, கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கே சாதியைக் கண்டு வெளியே வந்தவரின் எழுத்து. அதைத் திருச்சபைக்கு எதிரான நூல் என்று சொன்னவர்கள் உண்டு. பெர்பெத்துவாவையும் அஸ்கியூவையும் லீயையும் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அது சாட்சி என்ற வகையில் சேரும் நூலாகவே தெரியும். சபையைப் பார்த்து, நீ சொன்னதை நீயே செய்யவில்லை என்று சொல்வதும் நம்பிக்கையைப் பேசுவதுதான்.

வாயால் அறிக்கையிடு என்று கேட்கிற சபைக்கு இரண்டு கடமைகள் இருக்கின்றன. அறிக்கையிடுகிற பெண்ணுக்கு மேடையில் இடம் கொடுக்க வேண்டும். வெளியே அந்த அறிக்கைக்கு அவள் கொடுக்கிற விலையில் பங்கு ஏற்க வேண்டும். முதலாவது சட்டத் திருத்தங்களாக மெல்ல வந்துகொண்டிருக்கிறது. இரண்டாவதற்கு, வட்டாட்சியர் அலுவலக வரிசையில் எந்தப் பெயரை எழுதுவது என்று யோசித்துக்கொண்டு நிற்கிற பெண்ணின் பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும்.